பாம்புக்கடி கெய்ட்டர்: ராயக்கோட்டைப் பாறைக்கு எவ்வளவு தூரம் உதவும்?

ஆன்லைனில் ‘ஸ்நேக் கெய்ட்டர்’ என்று தேடினால் வரிசையாக வந்து விழும் கால் கவசங்களை வகைவாரியாக எடுத்து இங்கே மதிப்பிட்டிருக்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்க, உரக்கடையில் தொங்கும் கம்பூட், டார்ச், தடி ஆகியவையும் கணக்கில் உண்டு. அளவுகோல் ஒன்றுதான்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மொட்டைப் பாறையிலும் முள்ளுக்காட்டிலும் நடக்கிறவருக்கு இவை எந்த அளவு பயன்படும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கெய்ட்டர் நல்ல பொருள், வாங்கலாம். ஆனால் அதை மட்டும் கட்டிக்கொண்டு ராயக்கோட்டைக் கோட்டைக் குன்றோ மல்லசந்திரக் குன்றோ ஏறுகிறவருக்குக் கிடைப்பது பாதிக் காப்புதான். பாறை ஏறும்போது கால் போகிற இடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிறது. கை போகிற இடம்தான் தெரிவதில்லை. தலைக்கு மேலே இருக்கும் விளிம்பைப் பிடிக்கிறோம், சரிந்த மதிலின் கல்லிடுக்கில் விரல் நுழைக்கிறோம், மூச்சு வாங்கினால் பின்னால் கையை ஊன்றி உட்காருகிறோம். இந்தக் கைக்கு உருப்படியான கவசம் எந்தக் கடையிலும் இல்லை. அதனால் காசு கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால் முதலில் நல்ல டார்ச், பிறகு தடி, பிறகு கணுக்காலை மூடும் ஷூ. அதற்கப்புறம் மிஞ்சினால் கெய்ட்டர்.

யாரிடமிருந்து காப்பு?

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டிய நான்கு பாம்புகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். ஆனால் நான்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கண்ணாடி விரியனுக்கு எலி வேண்டும், புல் வேண்டும். எனவே குன்றின் அடிவாரத்து வரப்பு, மாந்தோப்பின் சருகு, கேழ்வரகுக் கொல்லையின் வேலியோரம்தான் அதன் இடம். கோட்டைக்கு ஏறும் பாதையின் முதல் கால்மணி நேரம் அதன் எல்லைக்குள் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல பாம்பு கரையான் புற்று, எலி வளை, ஆட்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தை வீசி எலி சேர்ந்த இடங்கள் என்று திரியும். கட்டுவிரியன் இராப் பாம்பு. பகலில் கல் குவியலுக்கடியில் சுருண்டு கிடக்கும், இரவில் தரையில் படுத்திருப்பவரிடம் வரும்.

பாறைக்குச் சொந்தக்காரன் சுருட்டை. பெரும்பாலும் ஒன்றரை அடிக்குள்தான் இருக்கும், இரண்டடியைத் தாண்டுவது அரிது. பழுப்பு உடம்பு, முதுகில் வெளிறிய திட்டுகள், பக்கவாட்டில் நெளிநெளியாக ஒரு வெள்ளைக் கோடு, தலையில் அம்பு அல்லது சிலுவை போன்ற குறி. கண்ணின் பாவை செங்குத்துக் கீற்றாக இருக்கும். பலகையாக உரிந்து கிடக்கும் கருங்கல் தட்டுக்கும் அடிப்பாறைக்கும் நடுவே உள்ள இரண்டு விரல் இடைவெளி அதற்குத் தாராளம். மிரண்டால் உடலை மடிப்பு மடிப்பாக வளைத்து, பக்கவாட்டுச் செதில்களை ஒன்றோடொன்று உரசும். வாணலியில் ரவை வறுபடுவதுபோல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் கால் எங்கே இருக்கிறதோ அங்கேயே நிறுத்த வேண்டும். எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் கண்டுபிடித்த பிறகுதான் வந்த வழியே பின்வாங்க வேண்டும். சத்தம் கேட்டதும் குதிப்பவர் பாம்பின் மேலேயே குதிக்கவும் கூடும்.

இந்தச் சின்ன உருவம்தான் கெய்ட்டர் வாங்குவதில் முக்கியமான விஷயம். சுருட்டை தரையோடு தரையாக இருந்து தாக்குவதால் அடி விழுவது பாதம், கணுக்கால், அதற்குச் சற்று மேலே. முழங்கால்வரை கவசமிருந்தும் கணுக்காலில் இடைவெளி இருந்தால் வாங்கியதே வீண்.

கெய்ட்டர்: மூன்று வகை

முதல் வகை, வெறும் துணிக் கெய்ட்டர். ட்ரெக்கிங் கடைகளில் மண், அட்டை, முள் ஆகியவற்றுக்காக விற்பது. நைலான் ஓர் அடுக்கோ இரண்டு அடுக்கோ இருக்கும். இதைப் பாம்புக்கடிக் காப்பு என்று சொல்லி விற்றாலும் நம்ப வேண்டாம். லூசான துணி, காலுக்கும் பல்லுக்கும் நடுவே கொஞ்சம் தூரத்தைக் கூட்டும், அவ்வளவுதான். கண்ணாடி விரியனின் நீளமான பல்லுக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாவது, நெருக்கமாக நெய்த கனத்த நைலானைப் பல அடுக்காகத் தைத்தது. 1000 டெனியர் (நூலின் கனத்தைச் சொல்லும் அளவு) என்று அட்டையில் போட்டிருப்பார்கள். தகடு கிடையாது, எனவே வளைந்து கொடுக்கும், படியேறச் சுலபம். அடுக்குகள் உண்மையிலேயே எத்தனை என்பதில்தான் ஏமாற்று நடக்கிறது. ஓரத் தையலைப் பிடித்துப் பார்த்தால் கனமாக இருக்கும், நடுவில் இரண்டு விரலால் கிள்ளினால் மெலிசாக இருக்கும். அப்படிப்பட்டதை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, இரண்டு துணிக்கு நடுவே பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக் தகடு வைத்தது. பல்லைத் தடுப்பதில் நம்பத் தகுந்தது இதுதான். ஜோடி முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோவரை வரும், உயரம் 40 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். விலை கம்பூட்டைப்போலப் பல மடங்கு. குறை என்னவென்றால், தகடு காலைச் சுற்றி முழுதாகப் போகாது. முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று துண்டு துண்டாக இருக்கும். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றனவா, இல்லை நடுவே சந்து விழுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு சோதனை. கெய்ட்டரை ஒரு மரப்பலகை மேல் விரித்துப் போட்டு, கோணி ஊசியால் அங்குலத்துக்கு ஒரு குத்து என்று வரிசையாக அழுத்திப் பாருங்கள். காலில் கட்டிக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. ஊசியும் பாம்பின் பல்லும் ஒன்றல்ல. ஊசி நேராகவும் விறைப்பாகவும் இருக்கும், பல் வளைந்தது. எனவே ஊசி லேசாக உள்ளே இறங்குகிறது என்பதற்காகப் பொருளைத் தூக்கியெறிய வேண்டாம். தகடு எங்கே முடிகிறது, எங்கே வெறும் துணி தொடங்குகிறது என்ற வரைபடம் கையில் கிடைத்துவிடும், அதற்காகத்தான் இது. பெரும்பாலான ஜோடிகளில் வெல்க்ரோ ஒட்டும் பின்பக்கத்திலும் பாதத்தின் மேல் விழும் நாக்குப் பகுதியிலும் தகடு இருக்காது. பின்பக்கத்தை விடுங்கள், நாக்கு முக்கியம். அது ஷூ லேஸை முழுதாக மூடி விரல் தொடங்கும் இடம்வரை வர வேண்டும். லேஸ் பாதி தெரிகிறதென்றால் சைஸ் தப்பு, அல்லது அந்த மாடல் தப்பு.

கெண்டைக்காலின் பருத்த பகுதியை, பேன்ட் போட்டபடியே டேப்பால் அளந்து, அதனோடு 2 சென்டிமீட்டர் சேர்த்து சைஸ் எடுங்கள். இறுக்கமாக எடுத்தால் ஏற்றத்தில் கெண்டை புடைக்கும்போது மரத்துப்போகும். லூசாக எடுத்தால் கீழே சரிந்து கணுக்காலில் மடிப்பு விழும். மேல் விளிம்பு முழங்கால் சிப்பிக்கு மூன்று விரல் கீழே நிற்கட்டும். கோட்டைப் படிகள் சீரான உயரத்தில் இருப்பதில்லை. ஒன்றரை அடி உயரம் தூக்கி வைக்கிற இடங்களில் கெய்ட்டரின் மேல் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் குத்தும். கடையில் நின்று பார்த்தால் இது தெரியாது. ஒரு காலை நாற்காலி மேல் வைத்து, குந்தியும் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

இந்த ஊரில் கெய்ட்டர் முதலில் பழுதாகும் இடம் தகடு இல்லை, பாதத்துக்கு அடியில் போகும் பட்டை. சொரசொரப்பான கருங்கல்லில் ஒவ்வோர் அடியும் அந்த நைலான் பட்டையை அரம்போல ராவுகிறது. குதிகால் தனியாக உயர்ந்த ஷூ போட்டால் பட்டை அந்தப் பள்ளத்துக்குள் ஒதுங்கி நிற்கும், அதிக நாள் வரும். அடி தட்டையான ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டால் பட்டை பாறையிலேயே மிதிபடும், வழுக்கவும் செய்யும். பட்டை அறுந்தால் கெய்ட்டர் மேலேறி, கணுக்கால் வெறுமையாகிவிடும். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து நல்ல தோல் பட்டை வைத்துத் தைத்துக்கொள்வது கம்பெனிப் பட்டையைவிட நீடிக்கிறது. தைக்கும்போது தகட்டில் புது ஓட்டை போடாமல் ஓரத் துணியில் மட்டும் தைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த தொல்லை ஊசிப்புல். மழை முடிந்து புல் காய்ந்ததும் அதன் கூர்விதைகள் வெல்க்ரோவில் அடர்ந்து ஒட்டிவிடும். பிறகு வெல்க்ரோ பிடிக்காது, நடுவழியில் திறந்துகொள்ளும். பழைய டூத் பிரஷ்ஷால் அவ்வப்போது வாரி எடுக்க வேண்டும். ஜிப்பும் வெல்க்ரோவும் சேர்ந்த மாடல், அல்லது பக்கிள் வைத்தது இங்கே மேல். வியர்வையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தகட்டுக் கெய்ட்டருக்குள் காற்று போகாது, சித்திரை வெயிலில் கால் நனைந்தே இருக்கும். திரும்பியதும் உட்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிக் காயவையுங்கள். அதைத் திரும்ப மாட்டுமுன் கையை உள்ளே விடாமல் உதறுங்கள். இருட்டும் ஈரமும் உள்ள மடிப்பு தேளுக்குப் பிடித்த இடம்.

கம்பூட்டும் ஷூவும்

வயல் வேலைக்குக் கம்பூட் அருமையான பொருள். கேழ்வரகு அறுக்கவும், இரவில் தண்ணீர் திருப்பவும், புல் அறுக்கவும் விவசாயிகள் வீட்டுக்கு வீடு வைத்திருக்க வேண்டியது. பாதம், கணுக்கால், கெண்டை எல்லாவற்றையும் சந்து இல்லாமல் மூடுகிறது. சுருட்டையைப் பொறுத்தவரை இது கெய்ட்டரைவிடக் குறைவில்லை. ஆனால் சரிவான மொட்டைப் பாறைக்கு வேண்டாம் என்றே சொல்வோம். கணுக்காலைப் பிடிக்காது, உள்ளே கால் ஆடும், அடி தேய்ந்தால் நனைந்த கல்லில் நிற்காது. பாம்புக்குப் பயந்து கம்பூட் போட்டு, கிருஷ்ணகிரியின் சையத் பாஷா மலைச் சரிவில் இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதில் லாபம் இல்லை. வெயிலில் கிடந்து விறைத்துப்போன கம்பூட்டின் மடிப்பில் வெடிப்பு விழுந்திருக்கும், அதைப் பார்த்து மாற்றுங்கள்.

பாறைக்கு ஏற்றது கணுக்காலுக்கு மேல்வரை வரும் தோல் பூட், அடியில் ஆழமான வெட்டு உள்ளது. செருப்பும் சாண்டலும் போட்டுக்கொண்டு ஒகேனக்கல் பாறைகளில் மாலைவரை திரிகிறவர்கள் ஏராளம். அங்கே படித்துறை ஓரம் பரவாயில்லை, புதர் விளிம்புக்குப் போகிறவருக்கு ஆகாது.

டார்ச்சும் தடியும்

கல் பகலெல்லாம் குடித்த சூட்டை இருட்டிய பிறகும் சில மணி நேரம் வைத்திருக்கும். இரவில் இரை தேடும் சுருட்டை அந்த நேரத்தில்தான் வெளியே வருகிறது. ராயக்கோட்டையில் சூரியன் மறைவதைப் பார்க்க ஏறி, செல்போன் வெளிச்சத்தில் இறங்குவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. பாம்பு கிளம்பும் நேரமும் ஆள் இறங்கும் நேரமும் ஒன்றாகிவிடுகிறது. சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கத் தொடங்குவதுதான் சரி. தவறினால் டார்ச் தேவை.

200 முதல் 300 லூமென் (வெளிச்சத்தின் அளவு) போதும். ஆயிரக்கணக்கில் லூமென் போட்டு விற்பவை வெளிறிய பாறையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். நீலம் பாய்ந்த வெள்ளையைவிடச் சற்று மஞ்சள் கலந்த ஒளியில் பழுப்புப் பாம்பும் பழுப்புச் சருகும் பிரிந்து தெரியும். தலையில் மாட்டும் லைட் மட்டும் போதாது. காரணம் எளிது: வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே போவதால் பொருளின் நிழல் அதற்குப் பின்னால் மறைந்துவிடுகிறது, தரை சமதளமாகத் தெரிகிறது. அதே டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்துத் தரையோடு சாய்த்து அடியுங்கள். சுருண்டு கிடப்பதன் நிழல் நீளமாக விழும், சுருட்டை கல்லிலிருந்து பிரிந்து நிற்கும். இரண்டு கையும் தேவைப்படும் இறக்கங்களுக்குத் தலை லைட், மற்ற இடமெல்லாம் கை டார்ச். மாற்று பேட்டரி கட்டாயம்.

தடி நெஞ்சுயரம் இருக்கட்டும். உள்ளே பொந்து இல்லாத கல் மூங்கில் அருமையாக இருக்கும். மடக்கும் அலுமினியக் கம்பு எடை குறைவு, ஆனால் கல்லிடுக்கில் மாட்டினால் வளைந்துவிடும். தடியின் வேலை பாம்பை அடிப்பதில்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 பாம்புகளைக் காக்கிறது என்பது ஒரு பக்கம். அடிக்கப் போய்க் கடி வாங்குவது எவ்வளவு சாதாரணம் என்பது இன்னொரு பக்கம். கை வைக்கப்போகும் விளிம்பை முதலில் தடி தொட வேண்டும், அதுதான் அதன் வேலை. உட்காரப்போகும் கல்லின் மறுபக்கம், விழுந்து கிடக்கும் மரத்தின் அடுத்த பக்கம், படியின் உள்மூலை என்று தடிதான் முன்னே போகும். கட்டையைத் தாண்டாமல் அதன்மேல் ஏறி நின்று, அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

தரையைத் தட்டிக்கொண்டே போனால் பாம்பு ஓடிவிடும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. அதிர்வு உணர்ந்து சாரையும் நல்ல பாம்பும் பெரும்பாலும் விலகும். விரியன்கள் அப்படியில்லை, அசையாமல் கிடப்பதே அவற்றின் தற்காப்பு. எனவே தட்டுவது கண்ணால் பார்ப்பதற்கு மாற்று ஆகாது.

மல்லசந்திரத்தின் கல்திட்டைகளுக்கு (பழங்கால ஈமச் சின்னங்கள்) போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் போட்ட அமைப்பு, உள்ளே நிழலும் குளிர்ச்சியும். போட்டோவுக்காக உள்ளே தவழ்வதும், குழந்தையை உள்ளே உட்காரவைப்பதும் வேண்டாம். வெளியே நின்று டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தாலே கட்டுமானம் நன்றாகத் தெரியும். கிடக்கும் கல்லைப் புரட்டவே கூடாது. தொல்பொருள் என்பதாலும் கூடாது, அடியில் இருப்பதாலும் கூடாது.

வாங்கக் கூடாதவை

பாம்பு விரட்டும் அல்ட்ராசோனிக் கருவி காசுக்குக் கேடு. பாம்புக்குக் கேட்பது தாழ்ந்த அதிர்வுகள் மட்டும், 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போகும் ஒலி அதன் காதில் விழவே விழாது. விஷம் உறிஞ்சும் பம்ப், பிளேடு, ரப்பர் கயிறு வைத்த ‘ஸ்நேக் பைட் கிட்’ அதைவிட மோசம். பம்ப்பால் உறிஞ்சி எடுக்க முடிவது மிகச் சொற்பம். பிளேடு போட்டால், ரத்தம் உறையாமல் போகிற விரியன் கடியில் அந்த வெட்டே நிற்காமல் ஒழுகும். கயிறு கட்டினால் தசை அழுகும். அந்தப் பணத்துக்கு இரண்டு கிரேப் பேண்டேஜ் (இழுத்துச் சுற்றும் துணிக்கட்டு), ஒரு கத்தரிக்கோல், ஒரு மார்க்கர் பேனா வாங்கிப் பையில் போடுங்கள். கூடவே ஒரு போர்வை, அல்லது நான்கு முழ வேட்டி.

கடி விழுந்தால் இந்தச் சாமான்களுக்கு வேலை இப்படி. கெய்ட்டரும் ஷூவும் உடனே கழற்றப்பட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கால் வீங்க வீங்க இறுக்கமான கெய்ட்டரே கட்டுக்கயிறாக மாறிவிடும். கழற்ற வராவிட்டால் கத்தரிக்கோல். மெட்டி, கொலுசு, மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கையோடு கழற்றிவிட வேண்டும். தடியைக் காலோடு வைத்து கிரேப் பேண்டேஜால் அசையாமல் கட்டுங்கள், எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல, இறுக்காமல். கடித்த நேரத்தையும் வீக்கத்தின் விளிம்பையும் பேனாவால் தோலிலேயே குறியுங்கள். ஆளை நடக்கவிடாமல் போர்வையில் தூக்கி இறக்குங்கள். பைக்தான் இருக்கிறது என்றால் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவையுங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்கவும் அடித்துக் கொண்டுபோகவும் வேண்டியதில்லை. மருத்துவமனையில் போடும் மருந்து நான்கு பாம்புகளுக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுவது.

ஏறுவதற்கு முன்பே எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கல்லிலிருந்து தருமபுரி 46 கிலோமீட்டர், வழியில் பென்னாகரம் அரசு மருத்துவமனை இருக்கிறது. ராயக்கோட்டை, சூளகிரிப் பக்கமென்றால் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது ஓசூர் அரசு மருத்துவமனை. அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. 108-க்குக் கூப்பிட எந்த மேட்டில் ஏற வேண்டும் என்பதுகூட முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதும் கூடாது, யானை நடமாடும் இடம்.

போய்ச் சேர்ந்ததும் 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று சாய்த்துப் பார்ப்பார்கள். முதல் தடவை உறைந்துவிட்டால் பிழைத்தோம் என்று கிளம்பிவிடாதீர்கள். சுருட்டைக் கடியில் ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் தெரியப் பல மணி நேரம் ஆகலாம், சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். 24 மணி நேரம் படுக்கையில் இருங்கள் என்று டாக்டர் சொன்னால், அதில் ஒரு மணி நேரமும் குறைத்துக் கேட்காதீர்கள்.